கையைக் கடிக்காத விலையில் காது மூடும் ஹெட்ஃபோன்: எதைப் பார்ப்பது, எதை விடுவது

50 மில்லிமீட்டர் டிரைவர் (உள்ளே ஒலியை எழுப்பும் வட்டப் பகுதி), 5 முதல் 40,000 ஹெர்ட்ஸ் வரை, 'எக்ஸ்ட்ரா பேஸ்'. பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இவை இருந்தால் கை தானாக அந்தப் பெட்டிக்குப் போய்விடுகிறது. ஆனால் அதில் பாட்டு எப்படிக் கேட்கும் என்பதை இந்த மூன்றில் ஒன்றுகூடச் சொல்லாது. 40 மி.மீ. டிரைவரில் அருமையாக ஒலிப்பவை உண்டு; 50 மி.மீ. டிரைவரை வைத்துக்கொண்டு தகர டப்பா மாதிரி ஒலிப்பவையும் உண்டு. அதிர்வெண் வரம்பு என்று போடுகிறார்களே, அது எத்தனை டெசிபெல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று சொல்லாதவரை வெறும் அலங்காரம்தான். 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் மனிதக் காதுக்குக் கேட்பதில்லை. வயது ஏற ஏற அந்த எல்லையும் கீழே இறங்கும்.

விலையும் அப்படியே. யெரூன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்ஃபோன்களின் அளவீடுகளை விலையோடு ஒப்பிட்டு 2017-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதிர்வெண் வரைபடத்துக்கும் (எந்த அதிர்வெண் எவ்வளவு சத்தமாக வருகிறது என்று காட்டும் கோடு) விலைக்கும் தொடர்பே தென்படவில்லை என்பதுதான் முடிவு. கூடுதல் காசுக்குப் பெரும்பாலும் கிடைப்பது உலோகக் கீல், மெத்தென்ற பேட் (காதைச் சுற்றி அமரும் மெத்தை), நல்ல பை, பெயர். பார்த்து வாங்கினால் சிக்கனமான ஹெட்ஃபோனிலும் நல்ல இசை கிடைக்கும். அந்தப் 'பார்த்து' என்பதில்தான் வேலை இருக்கிறது.

முதலில் இடத்தைத் தீர்மானியுங்கள்

மாடல் தேடுவதற்கு முன், எங்கே உட்கார்ந்து கேட்கப் போகிறீர்கள் என்று யோசியுங்கள். காதை மூடும் கப்பின் வெளிப்பக்கம் அடைபட்டிருந்தால் அது க்ளோஸ்டு-பேக். கம்பி வலையோ துளைகளோ இருந்து காற்று போய் வந்தால் ஓபன்-பேக்.

ஓபன்-பேக்கில் டிரைவரின் பின்பக்க ஒலி வெளியே போய்விடுகிறது. கப்புக்குள் மோதித் திரும்புவதில்லை. அதனால் குரலும் வயலினும் மண்டைக்குள் அடைபட்ட மாதிரி இல்லாமல் சற்றே விலகி நின்று ஒலிக்கும். மூடிய கப்புக்குள் அந்த எதிரொலியை அடக்குவது செலவு பிடிக்கும் வேலை. ஆகவே ஒரே விலைக்கு ஓபன்-பேக்தான் பெரும்பாலும் இயல்பாகக் கேட்கும். காதும் அவ்வளவாகப் புழுங்காது. இதில் உள்ள குறை என்னவென்றால், அறையில் ஓடும் ஃபேன் சத்தம் முழுதாக உள்ளே வரும், நீங்கள் கேட்கும் பாட்டு பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் கேட்கும். அடி ஆழத்து பேஸ், அதாவது 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே, பல ஓபன்-பேக்குகளில் மெலிந்துவிடும்.

இரைச்சலான இடம் என்றால் யோசனையே வேண்டாம், க்ளோஸ்டு-பேக். இரைச்சலில் ஓபன்-பேக் போட்டால் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போவீர்கள். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை 80 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம். 3 டெசிபெல் கூடினால் அந்த நேரம் பாதியாகிவிடும். இரைச்சலோடு போட்டி போடும்போது இந்த எல்லையைத் தாண்டுவது தெரியவே தெரியாது.

'செமி-ஓபன்' என்று விற்பவற்றை ஓபன்-பேக்காகவே எண்ணிக்கொள்ளுங்கள். சத்தம் வெளியே கசியத்தான் செய்யும்.

வயரா, ப்ளூடூத்தா

வயர் வைத்த ஹெட்ஃபோனில் நீங்கள் கொடுக்கும் காசு டிரைவர், பேட், கப் என்று போகிறது. ப்ளூடூத்தில் அதே காசை பேட்டரி, சிப், மைக், சார்ஜிங் எல்லாம் பங்கு போட்டுக்கொள்கின்றன. மேசையிலோ கட்டிலிலோ இருந்தபடி கேட்பவருக்கு வயர்தான் லாபம். நடமாடிக்கொண்டே கேட்பவருக்கு இந்த வாதமெல்லாம் எடுபடாது. அவர் ப்ளூடூத் வாங்கலாம், சில விஷயங்களைக் கவனித்துக்கொண்டு.

கோடெக் (ப்ளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) பெயர்களைக் கண்டு மயங்க வேண்டாம். எல்லாவற்றிலும் இருக்கும் எஸ்பிசி-யே நல்ல அமைப்பில் சுமார் 328 கேபிபிஎஸ் (நொடிக்கு இத்தனை கிலோபிட்) வரை போகும். பாட்டுக்கு அது போதும். எல்டேக் 990 கேபிபிஎஸ் வரை போகும் என்பது உண்மைதான், ஆனால் ஃபோனிலும் அது இருக்க வேண்டும். ஐஃபோனில் எல்டேக்கும் கிடையாது, ஆப்ட்எக்ஸும் கிடையாது. எஸ்பிசி, ஏஏசி மட்டுமே. உங்கள் ஃபோன் பேசாத மொழிக்கு ஹெட்ஃபோனில் காசு கொடுக்காதீர்கள்.

வெளி இரைச்சலை எதிர் ஒலியால் அடக்கும் நாய்ஸ் கேன்சலிங் என்பது எஞ்சின், ஏசி போன்ற தொடர்ச்சியான தாழ்ந்த இரைச்சலைத்தான் நன்றாக விழுங்கும். பக்கத்தில் பேசுகிறவரின் குரல் அதற்குப் பெரிதாக அடங்காது. அதை ஆன் செய்தால் சில ஹெட்ஃபோன்களில் பாட்டின் குணமே மாறுகிறது. வாங்குமுன் ஆன், ஆஃப் இரண்டிலும் அதே பாட்டைக் கேளுங்கள்.

கேட்காமல் விடக்கூடாத கேள்வி ஒன்று உண்டு: பேட்டரி தீர்ந்த பிறகு வயர் செருகினால் பாடுமா? சிலது பாடும், ஆனால் மந்தமாக, ஏனென்றால் அதன் ஒலியைச் சீர்செய்வதே உள்ளே இருக்கும் சிப்தான். சிலது பாடவே பாடாது. லித்தியம்-அயன் பேட்டரி சில நூறு முழு சார்ஜுகளுக்குப் பிறகு தளரத் தொடங்கும். வயரிலும் வேலை செய்யும் ஹெட்ஃபோன் அப்போதும் குப்பைக்குப் போகாது.

கணினியில் மீட்டிங் தொடங்கியதும் ப்ளூடூத் ஹெட்ஃபோனில் பாட்டு பழைய தொலைபேசி மாதிரி ஆகிவிடுகிறது என்பது பலரின் புகார். ஹெட்ஃபோன் பழுதல்ல. அதன் மைக் இயங்கத் தொடங்கியதும் இணைப்பு அழைப்பு முறைக்கு மாறி, ஒலி மோனோவாக (இரு காதிலும் ஒரே ஒலி) சுருங்குகிறது. மைக்காக கணினியின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

காதும் பேடும்

இந்த இடத்தில்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். ஹெட்ஃபோன் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பேட் தலையோடு ஒட்டி அமரவில்லை என்றால், க்ளோஸ்டு-பேக்கில் பேஸ் பாதி போய்விடும்.

ஒரு ஸ்கேலால் உங்கள் காதின் உயரத்தை அளந்து பாருங்கள். பெரியவர்களுக்கு பெரும்பாலும் 60 முதல் 70 மி.மீ. இருக்கும். பேட்டின் உள்துளை அதைவிடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். வெளிச்சுற்று பெரிதாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். மெத்தை தடித்திருந்தால் துளை சிறியதாகத்தான் இருக்கும். அதைவிட முக்கியம் ஆழம். பேட்டின் மேல்விளிம்பிலிருந்து உள்ளே டிரைவரை மூடும் துணி வரை எவ்வளவு என்று பாருங்கள். 20 மி.மீ.க்குக் குறைந்தால் காது மடலின் நுனி துணியில் உரசும். கடையில் ஐந்து நிமிடம் போட்டால் தெரியாது. ஒரு மணி நேரத்தில் அந்த ஒரு புள்ளி மட்டும் சுடுகிற மாதிரி வலிக்கும். 1991 முதல் ஸ்டுடியோக்களில் புழங்கும் சோனி எம்டிஆர்-7506-ல்கூட பேட் ஆழம் குறைவுதான். காது சற்று வெளியே நீட்டியிருப்பவர்களுக்கு அது தோதுப்படாது.

எடை 300 கிராமுக்குள் இருந்தால் நல்லது. ஆனால் எடையைவிட, தலையை இரு பக்கமும் அழுத்தும் பிடியும் ஹெட்பேண்டும்தான் களைப்பைத் தீர்மானிக்கும். உச்சந்தலையில் ஒரே இடத்தில் அழுத்தினால் 250 கிராமும் கனக்கும். பிடி இறுக்கமாக இருந்தால் தலையைவிடச் சற்று அகலமான பெட்டிமேல் இரவு முழுதும் மாட்டி வையுங்கள். நாலைந்து நாளில் இளகும். ஹெட்பேண்டின் உள்ளே உலோகத் தகடு இருந்தால்தான் இந்த வைத்தியம். முழுக்க பிளாஸ்டிக் என்றால் ஒரு நாள் காலையில் 'டப்'பென்று விரிசல் விட்டிருக்கும்.

கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடுதான் பரிசோதிக்க வேண்டும். காதுக்கு மேல் போகும் ஃபிரேமின் கம்பி பேட்டைத் தூக்கி, அந்த இடுக்கு வழியாக பேஸ் கசிந்துவிடும். மெல்லிய ஃபிரேமும் மென்மையான ஃபோமும் சேர்ந்தால் பிரச்சினை குறையும். அடர்ந்த கூந்தலும் தடித்த கிருதாவும் இதே வேலையைச் செய்யும்.

கசிகிறதா என்று அறிய எளிய வழி: 50 ஹெர்ட்ஸ் ஒலியை மிதமான சத்தத்தில் ஓட விடுங்கள். இரண்டு கப்பையும் உள்ளங்கையால் மெல்லத் தலையோடு அழுத்துங்கள். அழுத்தும்போது ஒலி கும்மென்று கூடினால், சாதாரணமாக மாட்டியிருக்கும்போது அது கசிகிறது என்று அர்த்தம். ஹெட்பேண்டை ஒரு கிளிக் ஏற்றி இறக்கி, கப்பைச் சற்று முன்னே தள்ளி மறுபடியும் பாருங்கள். எந்த நிலையிலும் அடங்காவிட்டால் அந்த மாடல் உங்கள் தலைக்கு இல்லை.

பேட்டின் மேலுறையில் செயற்கைத் தோல் நன்றாக அடைக்கும், பேஸ் நிற்கும், வியர்க்கும். வியர்வை பட்டு ஓரிரு ஆண்டில் கறுப்புத் துகளாக உதிர்ந்து கன்னத்தில் ஒட்டும். வெல்வெட் போன்ற துணி காற்றோட்டமானது, நீடித்து உழைக்கும், ஆனால் கொஞ்சம் பேஸை விட்டுவிடும்.

ஒலியின் குணத்தை எப்படி அறிவது

வாங்குமுன் கேட்க முடிந்தால் கேளுங்கள். அளவீட்டு வரைபடம் கிடைத்தால் அதையும் பாருங்கள். படிப்பது அவ்வளவு கடினமில்லை. 20 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை கோடு சற்று உயர்ந்திருந்தால் பேஸ் நிறைவாக இருக்கும். 150 முதல் 300 வரை மேடு இருந்தால் எல்லாம் போர்வைக்குள்ளிருந்து கேட்பது போலிருக்கும். மலிவான க்ளோஸ்டு-பேக்குகளின் நிரந்தர வியாதி இது. 3,000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு குன்று தெரிந்தால் பயப்பட வேண்டாம், காதின் அமைப்பே அந்த இடத்தை உயர்த்தும் என்பதால் அது இருக்க வேண்டிய குன்றுதான். அங்கே பள்ளம் இருந்தால் பாடகர் பத்தடி பின்னால் போய் நிற்பார். 6,000 முதல் 9,000 வரை கூரான முள் நீட்டினால் 'ஸ', 'ச' எல்லாம் ஊசியாகக் குத்தும். 10,000-க்கு மேல் வரைபடத்தை அதிகம் நம்பாதீர்கள். ஹெட்ஃபோன் அமரும் கோணத்துக்கே அது மாறும்.

பலரும் ஒப்பிட்டுப் பார்ப்பது ஹார்மன் கோடு. ஹார்மன் என்ற ஆடியோ நிறுவனத்தின் ஆய்வாளர் ஷான் ஓலிவும் அவர் குழுவினரும் பலரைக் கேட்க வைத்து, பெரும்பான்மையோருக்குப் பிடித்த குணத்திலிருந்து வரைந்தது அது. பெரும்பான்மை என்பதால் உங்கள் காதுக்கும் அதுவே என்று விதி இல்லை. தொடங்குவதற்கு அது ஒரு நல்ல அடையாளக்கல், அவ்வளவுதான்.

கேட்டுப் பார்ப்பவர்கள் கடைக்காரர் போடும் பாட்டை ஒதுக்கிவிட்டு, வரிக்கு வரி தெரிந்த சொந்தப் பாட்டு நாலைப் போடுங்கள். ஒன்றில் குரல் மட்டும் முன்னே நிற்கட்டும், ஒன்றில் தாள வாத்தியம். மிருதங்கம் இதற்கு அருமையான உரைகல்: தொப்பியின் (இடப்பக்கத் தோல்) கும்காரம் என்ற ஆழ்ந்த ஒலி வழுக்கிக்கொண்டு ஏறி இறங்குவது தெளிவாகத் தெரிய வேண்டும், கூடவே வலந்தலையின் (வலப்பக்கத் தோல்) வெட்டு மழுங்காமல் விழ வேண்டும். கும்காரம் 'பொம்'மென்று ஒரே சுருதியில் ஊதிக்கொண்டு நின்றால் அது பேஸ் அதிகமான ஹெட்ஃபோன், நல்ல பேஸ் உள்ள ஹெட்ஃபோன் அல்ல. மூன்றாவதாக நிறைய வாத்தியங்கள் ஒன்றாக ஒலிக்கும் பாட்டு, நாலாவதாக சிம்பல் அடிக்கடி வரும் பாட்டு.

இரண்டை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக்கிக்கொள்ளுங்கள். ஒரு டெசிபெல் கூடுதலாக ஒலிப்பதும் 'நன்றாக இருக்கிறது' என்றே தோன்றும். விற்பனை மேசையில் பாதி தீர்ப்புகள் இதனால்தான் தவறிப் போகின்றன.

சிறு குறைகளை ஈக்வலைசரால் (அதிர்வெண் பட்டைகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் மென்பொருள்) திருத்தலாம். ஆயிரக்கணக்கான மாடல்களுக்குத் தயாரான அமைப்புகளை ஆட்டோஈக்யூ இலவசமாகத் தருகிறது. விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ, ஆண்ட்ராய்டில் வேவ்லெட் போன்றவற்றில் அதை ஏற்றிக்கொள்ளலாம். ஏதாவது ஒரு பட்டையை 5 டெசிபெல் உயர்த்தினால் ப்ரீஆம்பை (அதே ஈக்வலைசரில் மொத்தச் சத்தத்தை மாற்றும் அமைப்பு) மைனஸ் 5-க்கு இறக்க மறக்காதீர்கள்; இல்லையென்றால் சத்தமான இடங்களில் ஒலி கரகரக்கும். கப் கசிவதையும் காதில் உரசுவதையும் எந்த ஈக்வலைசரும் சரிசெய்யாது.

ஓம் கணக்கு

பெட்டியில் போட்டிருக்கும் ஓம் என்பது ஹெட்ஃபோனின் மின்தடை. 'ஓம் அதிகம் என்றால் தரம் அதிகம்' என்பது வதந்தி. ஃபோன் போதுமா, ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் தனிப் பெட்டி) வேண்டுமா என்று அறிய ஓமும் சென்சிட்டிவிட்டியும் (கொடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் என்ற அளவு) சேர்ந்தே வேண்டும். ஃபோனில் செருகி ஹெட்ஃபோன் வயரை இணைக்கும் நல்ல யுஎஸ்பி-சி டாங்கிள் ஒன்று சுமார் 1 வோல்ட் தரும் என்று வைத்துக்கொள்வோம். பெட்டியில் ஒரு மில்லிவாட்டுக்கு இத்தனை டெசிபெல் என்று இருந்தால், அதோடு 16 ஓமுக்கு 18, 32 ஓமுக்கு 15, 80 ஓமுக்கு 11, 250 ஓமுக்கு 6, 300 ஓமுக்கு 5 கூட்டுங்கள். ஒரு வோல்ட்டில் கிடைக்கும் சத்தம் அது. 32 ஓம், 98 டெசிபெல் என்றால் 113, ஃபோனே தாராளம். 250 ஓம், 96 டெசிபெல் என்றால் 102; சினிமாப் பாட்டுக்கு வால்யூமை முழுதும் ஏற்றினால் சமாளிக்கும், மெல்லப் பதிவான இசைக்குப் போதாது. 110-க்கு மேல் வந்தால் ஆம்ப் பற்றி மறந்துவிடலாம். பெட்டியிலேயே ஒரு வோல்ட்டுக்கு என்று போட்டிருந்தால் எதையும் கூட்ட வேண்டாம். அரை வோல்ட் மட்டுமே தரும் டாங்கிளும் உண்டு; அப்போது 6 கழித்துக்கொள்ளுங்கள்.

ஒரே மாடல் பல ஓம்களில் வந்தால் ஃபோனுக்குக் குறைந்த ஓம் உள்ளதையே எடுங்கள். பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ 32, 80, 250 ஓம்களில் வருவது அப்படிப்பட்டது.

நாள்பட உழைக்க

வயர் ஹெட்ஃபோனில் முதலில் சாவது வயர்தான், அதுவும் ஜாக்கின் கழுத்தில். கழற்றி மாட்டும் வயர் உள்ளதைத் தேடுங்கள், முக்கியமாகக் கப்பில் செருகும் முனை சாதாரண 3.5 மி.மீ.யாக இருப்பதை. ஆடியோ-டெக்னிக்கா எம்40எக்ஸில் திருகிப் பூட்டும் 2.5 மி.மீ. முனை; ஏகேஜி கே240-ல் மினி எக்ஸ்எல்ஆர் என்ற வேறு வகை முனை. இவற்றுக்கு மாற்று கிடைக்கும், ஆனால் கையில் கிடைத்த வயரைச் செருக முடியாது. எம்20எக்ஸில் வயரைக் கழற்றவே முடியாது. மூன்று மீட்டர் வயர் மேசைக்கு சரி. ஃபோனோடு நடப்பவர் காலில் சுற்றும்.

வாங்குமுன் அந்த மாடலுக்கு மாற்று பேட் விற்கிறார்களா என்று தேடிப் பாருங்கள். பேட்டை ஒட்டி வைத்த மாடலைத் தவிருங்கள். பழைய ஹெட்ஃபோன் வாங்கத் தயங்காதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு: 1997-ல் வந்த சென்ஹைசர் எச்டி 600 போன்றவற்றில் பேட், வயர், ஹெட்பேண்ட், டிரைவர் வரை தனித்தனியே மாற்றலாம்.

வீட்டுக்கு வந்ததும்

திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் இவற்றைப் பார்த்துவிடுங்கள், பெட்டியைக் கிழிக்காமல் வைத்துக்கொண்டு.

மோனோ பதிவில் ஒருவர் பேசுவதைக் கேளுங்கள். குரல் நெற்றி நடுவில் நிற்க வேண்டும். இடப்பக்கம் சாய்ந்தால் ஹெட்ஃபோனை இடம் வலம் மாற்றி மாட்டுங்கள். சாய்வும் மாறி வலப்பக்கம் போனால் குறை ஹெட்ஃபோனிலோ ஃபோனிலோ. வேறு ஃபோனில் போட்டால் எதில் என்று தெரிந்துவிடும். சாய்வு மாறாமல் இடப்பக்கமே நின்றால் காதையோ பேட் அமர்ந்த விதத்தையோ பாருங்கள்.

வாத்தியமெல்லாம் கேட்கிறது, பாடுகிறவரை மட்டும் காணோம் என்றால் ஜாக் முழுதாகச் செருகவில்லை, அல்லது வயரில் கிரவுண்ட் (இரண்டு பக்கத்துக்கும் பொதுவான கம்பி) அறுந்திருக்கிறது. இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஒலி ஒன்றையொன்று தின்றுவிடுகிறது. நடுவில் நிற்கும் குரல்தான் முதலில் போகும்.

அடுத்து 20-லிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஒலியை விடுங்கள். எங்காவது 'கிர்ர்' என்று கேட்டால் உடனே டிரைவர் போச்சு என்று முடிவு கட்டாதீர்கள். பல நேரம் அது ஒற்றைத் தலைமுடி. வலை வழியே உள்ளே போய் டிரைவரின் மெல்லிய சவ்வைத் தொட்டுக்கொண்டிருக்கும். பேஸ் வரும்போதெல்லாம் சவ்வு அதில் மோதித் துடிக்கும். பேட்டைக் கழற்றி, கப்பைக் கவிழ்த்துப் பிடித்து, வெளிச்சத்தில் வலையைச் சாய்த்துப் பாருங்கள். நுனி பளிச்சென்று தெரியும். சாமணத்தால் அந்த நுனியைப் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும். வேக்குவம் கிளீனரோ காற்றடிக்கும் டப்பாவோ கிட்டவே வரக்கூடாது. சவ்வு ஒடுங்கிவிடும், அப்புறம் உண்மையிலேயே டிரைவர் போச்சு.

கடைசியாக, எதையும் அளக்காமல் இரண்டு மணி நேரம் தொடர்ந்து போட்டுக்கொண்டு உட்காருங்கள். 'நூறு மணி நேரம் ஓட விட்டால் ஒலி திறக்கும்' என்று யாராவது சொன்னால், அதற்குள் திருப்பிக் கொடுக்கும் காலம் முடிந்துவிடும் என்பதைக் கவனியுங்கள். இரண்டு மணி நேரத்தில் தாடையோ உச்சியோ காது மடலோ வலித்தால், ட்ரெபிள் (உச்ச ஒலிகள்) குத்தி வால்யூமை இறக்கிக்கொண்டே வந்தால், பெட்டியை மூடித் திருப்பி அனுப்பிவிடுங்கள்.